கன்று விற்ற காசில் கடன் கட்ட முடியுமா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், டல்லாஸில் ஐடி வேலை. எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள். நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் 6,000 ஏக்கர் மாட்டுப் பண்ணை ஒன்று, 400 தாய்ப்பசுக்களோடு 72 லட்சம் டாலருக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஆளுக்கு 6 லட்சம் போட்டு, மீதி 48 லட்சத்தை 7% வட்டியில் 30 வருடக் கடனாக வாங்க நினைக்கிறோம். என் பங்குக்கு 401(கே) ஓய்வுகாலச் சேமிப்பில் கை வைக்க வேண்டியிருக்கும். "வருடம் 350 கன்று, ஒன்று 2,000 டாலர், 7 லட்சம் வருமானம். நஷ்டம் வந்தாலும் சம்பளத்தில் கழித்து வரி குறைக்கலாம்" என்கிறார் புரோக்கர். இறங்கலாமா?

பதில்: இந்தக் கடனோடு இறங்காதீர்கள். பண்ணை நல்லதாகவே இருக்கலாம், எனக்கு அதில் சண்டையில்லை. 400 பசு கட்டக்கூடிய தவணை இல்லை இது.

புரோக்கர் சொல்லும் 350 கன்றையும் விற்க முடியாது. வருடா வருடம் வயதான பசுக்களைக் கழித்துவிடுவார்கள். அந்த இடத்துக்குக் கிடேரிக் கன்றுகளை நிறுத்தியாக வேண்டும். 60 கிடேரியை வைத்துக்கொண்டால் விற்பனைக்கு 290. கன்று 550 பவுண்டு, பவுண்டுக்கு மூன்றரை டாலர் என்றால் சுமார் 5,58,000. கழித்த பசு 50-ஐ 1,600 வீதம் விற்றால் இன்னொரு 80,000. ஆக 6,38,000. பனிக்காலத் தீவனம், காளை, மருத்துவம், பண்ணையாள் சம்பளம், டீசல், நிலவரி எல்லாம் சேர்த்துப் பசுவுக்கு 800 டாலர் செலவென்று வையுங்கள்: 3,20,000 போய்விடும். கையில் நிற்பது 3,18,000. உங்கள் கடன் தவணையோ வருடத்துக்கு ஏறக்குறைய 3,87,000. ஒரு குறையும் இல்லாத வருடத்திலேயே 70,000 டாலர் துண்டு விழுகிறது.

அந்த மூன்றரை டாலரும் நிரந்தரம் இல்லை. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. மாடு குறைந்ததால் விலை ஏறியிருக்கிறது. 2020-ல் இதே கன்று பவுண்டு ஒன்றரை டாலர் பக்கத்தில்தான் போனது. அந்த விலையில் 290 கன்றுக்கு வருவது 2,40,000. செலவுக்கே காணாது, அப்புறம் எங்கே தவணை கட்டுவது? 30 வருடக் கடனில் இப்படி ஒரு சரிவாவது வராமல் போகாது.

நிலத்தையும் புரிந்துகொள்ளுங்கள். சாண்ட்ஹில்ஸ் என்பது புல் பிடித்து நிற்கும் மணல்மேடு. அடியில் ஓகலாலா நிலத்தடி நீர், காற்றாலை வைத்துத் தொட்டிக்கு இறைக்கலாம். ஆனால் மேலே புல் மெல்லிசு. ஒரு பசுவும் கன்றும் பிழைக்கச் சுமார் 15 ஏக்கர் வேண்டும். 1904-ல் கின்கெய்ட் சட்டம் குடியேறியவர்களுக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. இந்த மண்ணில் அது நாற்பது பசுவுக்குக் காணும். பலர் விற்றுவிட்டுப் போனார்கள், பெரிய பண்ணைகள் உருவாயின. புல்லை ஒட்ட மேயவிட்டால் மணல் வெளியே வந்து காற்றில் பறந்து பள்ளம் விழத் தொடங்கும். அந்தப் பள்ளம் மறுபடி புல் பிடிக்க வருடக்கணக்காகும். 2012 வறட்சி மாதிரி வந்தால் மாட்டை விற்க வேண்டும், அல்லது கொள்ளை விலையில் தீவனம் வாங்க வேண்டும். மழை குறைந்தால் பணம் தரும் மேய்ச்சல் காப்பீடு உண்டு, பிரீமியத்தில் மானியமும் உண்டு. ஆனால் அது பார்ப்பது அந்த வட்டாரத்தின் மழைக் குறியீட்டை. உங்கள் புல் எவ்வளவு காய்ந்தது என்பதை அல்ல.

வரிச் சலுகைப் பேச்சை நம்பாதீர்கள். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு பங்கு வைத்திருப்பவருக்கு இந்த நஷ்டம் 'பாஸிவ்' நஷ்டம், அதாவது தானே உழைக்காத தொழிலில் வந்த நஷ்டம். சம்பளத்தில் கழிக்க முடியாது. கழிக்க வேண்டுமானால் பண்ணை வேலையில் நீங்களே பங்கெடுத்திருக்க வேண்டும். வழக்கமான அளவுகோல் வருடத்துக்கு 500 மணி நேரம். முழுநேர வேலைக்கு நடுவே எப்போது போவீர்கள்? 401(கே) பணத்தை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வருமான வரியோடு 10% அபராதமும் சேரும். அதைத் தொடவே வேண்டாம்.

நிலத்தின் மேல் ஆசை போகவில்லையா? கடனில்லாமல் முடிகிற அளவுக்குச் சிறியதாக வாங்கி, மாட்டை விட்டுவிட்டு, புல்லை மட்டும் உள்ளூர் பண்ணைக்காரருக்கு வாடகைக்கு விடுங்கள். இந்தப் பண்ணை அளவிலேயே பாருங்கள்: ஒரு பசு-கன்று ஜோடிக்கு மாதம் 70 டாலர், ஐந்து மாத மேய்ச்சல், 400 ஜோடி, மொத்தம் 1,40,000. 72 லட்சத்தில் மாட்டின் விலை போக நிலத்துக்கு 60 லட்சம் என்று வைத்தால் அது 2.3%, அதிலும் நிலவரி போக வேண்டும். நெப்ராஸ்காவில் அது லேசுப்பட்டதல்ல. சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரித்தான். நிலவிலை ஏறினால் லாபம், ஏறாவிட்டால் புல்தான் மிச்சம்.

அப்படியும் இந்தப் பண்ணையைப் பேசிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், விளம்பரக் கையேட்டை ஓரம் வைத்துவிட்டு, விற்பவரின் ஐந்து வருட 'ஷெட்யூல் எஃப்' வரித்தாள்களை, அதாவது பண்ணை வரவு செலவைக் காட்டும் தாள்களைக் கேளுங்கள். 2020-ம் வருடத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். 6,000 ஏக்கரில் எவ்வளவு பட்டா நிலம், எவ்வளவு பள்ளிகளுக்காக மாநிலம் வைத்திருக்கும் நிலத்தின் குத்தகை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். குத்தகை ஏக்கருக்கும் சொந்த ஏக்கர் விலையே போட்டிருந்தால், பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.