டிட்லிவிக்கியில் எது கடைசிப் பிரதி என்று தெரியவில்லையா?

வணக்கம். சேமிக்கும்போதெல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் புதுப் பிரதி விழுகிறது, சர்வர் குறிப்புகள் ஏழெட்டுக் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். குறிப்பு எழுதி வைக்கும் டிட்லிவிக்கி மொத்தமும் பிரவுசரில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. திறந்திருக்கும் கோப்பின் மேலேயே எழுத பிரவுசர் சாதாரணமாக விடாது, அதனால் டவுன்லோடாக இறக்கிவிடுகிறது.

முதலில் எல்லாப் பிரதிகளையும் அப்படியே வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அப்புறம், இருப்பதிலேயே புதியதைத் திறந்து, பழைய கோப்பை மவுஸால் இழுத்து அதன்மேல் போடுங்கள். உள்ளே இருக்கும் குறிப்புகள் பட்டியலாக வரும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் இறக்குமதி செய்துவிடாதீர்கள். ஒரே தலைப்பில் இருப்பதைப் பழையது அழித்து எழுதிவிடும். விடுபட்டதில் மட்டும் டிக் இருக்கட்டும்.

இனிமேலுக்கு, டிட்லிவிக்கி கோப்புகளைத் திறக்கவென்றே இருக்கும் டிட்லிடெஸ்க்டாப் செயலி போதும், திறந்த கோப்பிலேயே சேமிக்கும். ஆனால் நீங்கள் சர்வர் ஆள். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் டிட்லிவிக்கியை ஓட்டுங்கள் என்பேன். ஒவ்வொரு குறிப்பும் தனி டெக்ஸ்ட் கோப்பாக நிற்கும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) போட்டுவிட்டால் போன மாதம் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதுகூடக் கிடைக்கும்.

எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டீர்கள். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம். பிழைச் செய்தியை உங்கள் நடையில் சுருக்காமல், திரையில் வந்தபடியே ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைத்தான் தேடுவீர்கள். கோளாறுப் பக்கத்தில் சர்வர் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்தச் சர்வரின் பக்கத்துக்கு இணைப்பு தானாக வரும்.

பாஸ்வேர்டு மட்டும் அங்கே வேண்டாம், அதற்குக் கீபாஸ் என்ற பாஸ்வேர்டு பெட்டகம் இருக்கிறது.