கட்ஆஃப் 188, பி.சி. நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இன்ஜினீயரிங் கவுன்சிலிங் ஆரம்பித்துவிட்டால் ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட ஓய்வுதான், நாள் முழுக்க சாய்ஸ் ஃபில்லிங் (வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவது). உங்கள் கேள்வியைத்தான் தினமும் பத்து பேர் கேட்கிறார்கள்.

வெறும் 188-ஐ வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்ஆஃப் என்பது கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50 வீதம், மொத்தம் 200. கணக்குப் பேப்பர் கடினமாக வந்த வருஷத்தில் 188 மரியாதையான மார்க். சுலபமாக வந்த வருஷத்தில் அதே 188 வரிசையில் வெகுதூரம் பின்னால் போய்விடும். அதனால் போன வருஷக் கட்ஆஃப் பட்டியலோடு உங்கள் மார்க்கை ஒப்பிடாதீர்கள். ரேங்க் வரட்டும், ரேங்க்கோடு ரேங்க்கை ஒப்பிடுங்கள்.

188-லேயே வித்தியாசம் உண்டு. கணிதம் 96, மற்ற இரண்டிலும் நூற்றுக்கு 92 (பாதியாக்கினால் 46 வீதம்) எடுத்தாலும் 188. கணிதம் 90, மற்ற இரண்டிலும் 98 எடுத்தாலும் 188. சமமாக வந்தால் முதலில் கணித மார்க்கைத்தான் பார்ப்பார்கள், அதனால் 96 எடுத்தவர் முன்னால் நிற்பார்.

நான் செய்வது இதுதான். போன வருஷ அலாட்மென்ட் பட்டியலை இறக்கி, கல்லூரிக் கோடு (சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4), கோர்ஸ் கோடு இரண்டையும் வைத்துத் தேடுவேன். பி.சி.யில் கடைசியாகச் சீட் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று குறித்துக்கொள்வேன். முந்தைய இரண்டு வருஷத்துக்கும் அப்படியே. மூன்றிலும் உங்கள் ரேங்க் உள்ளே வந்தால் தைரியமாக இருக்கலாம். ஒன்றில் மட்டும் வந்தால் ஆசைப்படலாம், நம்பி உட்காரக் கூடாது. பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம், பி.சி.க்கு 26.5. பொது இடம் உங்களுக்கும் உண்டு என்பதால் ஜெனரல் ரேங்க் (எல்லாரிலும் உங்கள் இடம்), கம்யூனிட்டி ரேங்க் (பி.சி.க்குள் உங்கள் இடம்) இரண்டையும் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக் கணக்கே வேறு.

கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் 199-க்கு மேலேயே முடிந்துவிடும். 188-க்கு அது நடக்காது. ஆனாலும் ஆசை இருந்தால் பட்டியலில் முதலில் போடுங்கள், நஷ்டமில்லை.

இதைச் சொன்னால்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரு வருஷம் தறி ஓட்டும் ஒருவர் மகளோடு வந்தார். தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏழே ஏழு கல்லூரி. முதலில் பக்கத்து ஊர்க் கல்லூரி, மதுரைக் கல்லூரி ஆறாவது.

"ஏம்மா, உனக்கு மதுரைதானே பிடிக்கும்?"

"ஆமாண்ணா. ஆனா கிடைக்கிறதை முதல்ல போட்டாத்தான் சேஃப்னு சொன்னாங்க."

"கிடைக்காததை மேலே போட்டு, கையில இருக்கிறதும் போயிடுச்சுன்னா தம்பி?" இது அப்பா.

போகாது. உங்கள் ரேங்க் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும். இடம் இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகும், இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டால் அங்கேயே நின்றிருக்கும், மதுரையில் சீட் காலியாக இருந்தாலும் எட்டிப் பார்க்காது. அரை மணி நேரம் உட்கார்ந்து வரிசையை மாற்றி, ஏழை நாற்பதாக்கினோம். மதுரையே கிடைத்தது.

நீங்களும் ஆசைப்படுவதை மேலேயும், ரேங்க்குக்குத் தோதானதை நடுவிலும், கட்டாயம் கிடைக்கும் என்பதைக் கீழேயும் போடுங்கள். கோர்ஸா கல்லூரியா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். என் கடையில் அப்பாவும் பிள்ளையும் அதற்காகச் சண்டை போட்டே பாதி நேரம் போகிறது. தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் 'அப்வர்ட்' வசதியும் உண்டு.

அப்புறம், ரேங்க் வரும் முன்பே "மேனேஜ்மென்ட் சீட் தீர்ந்துவிடும், அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று போன் வரும். ஃபோனை வைத்துவிடுங்கள். போன வருஷம் அப்படிக் கட்டிய ஒருவர், கவுன்சிலிங்கில் அதைவிட நல்ல கல்லூரி கிடைத்த பிறகு அந்தப் பணத்துக்காக மூன்று மாதம் அலைந்தார்.

ரேங்க் லிஸ்ட் வந்ததும் இரண்டு ரேங்க்கையும் சொல்லுங்கள், பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.