எடை மெஷின் என்ன சொல்கிறது?

கேள்வி: எனக்கு மூன்றாம் மாதம் முடியப்போகிறது. முன்பு 58 கிலோ இருந்தேன், இப்போது 56. காலையில் பல் தேய்க்கப் போனாலே குமட்டுகிறது. நானே இளைத்துக்கொண்டு போகும்போது குழந்தைக்குச் சத்து எப்படிக் கிடைக்கும்?

பதில்: கிடைக்கும், பயப்படாதீர்கள். இந்த மாதத்தில் குழந்தையின் எடை 100 கிராம்கூட இருக்காது, அதற்குத் தேவையானது கொஞ்சம்தான், அதை உங்கள் உடம்பு தன் கையிருப்பிலிருந்தே கொடுத்துவிடும். முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடினாலே போதும் என்பதுதான் கணக்கு, மசக்கை அதிகமாக இருப்பவர்களுக்கு அதுவும் கூடாமல் குறைவதும் உண்டு. ஒரேயடியாகச் சாப்பிட உட்காராமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எது உள்ளே தங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சத்தானதா இல்லையா என்ற விசாரணையை இன்னும் சில வாரம் தள்ளி வைக்கலாம். ஆனால் ஒன்று, பழைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டால், அதாவது உங்களுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ, அல்லது தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால், அது சாதாரண மசக்கை இல்லை. மருத்துவரிடம் போய்விடுங்கள். வாந்தியை நிறுத்த கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: உயரம் 156 செ.மீ. கர்ப்பமாகும் முன் 54 கிலோ. ஏழாம் மாதத்தில் 63-க்கு வந்துவிட்டேன். என்னோடு ஒரே மாதத்தில் இருக்கும் தோழிக்கு 5 கிலோதான் கூடியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! தோழியின் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. எவ்வளவு கூடலாம் என்பது நீங்கள் தொடங்கிய எடையைப் பொறுத்தது. கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ, உங்களுக்கு அது 22 சொச்சம், சரியான எடை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-ல் வெளியிட்ட அளவுகளைத்தான் பல மருத்துவர்கள் பார்க்கிறார்கள், அதன்படி உங்களைப் போன்றவர்களுக்கு மொத்தத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18. 25-ஐத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 11.5, 30-ஐத் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9. உங்கள் தோழி கொஞ்சம் கூடுதல் எடையோடு தொடங்கியிருந்தால் அவருக்கும் 5 கிலோ சரிதான், உங்களுக்கும் 9 கிலோ சரிதான். (இரட்டைக் குழந்தை என்றால் இந்த எண்களே பொருந்தாது.)

அப்புறம், இந்தக் கிலோ எல்லாம் கொழுப்பு என்று நினைத்துத்தானே பட்டினி கிடக்கப் பார்க்கிறீர்கள்? பிரசவ நேரத்தில் குழந்தை மட்டும் 3 கிலோ சொச்சம், நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சாதாரணமாக நூறு கிராம்கூட இல்லாத கர்ப்பப்பை ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்திருக்கும், உங்கள் ரத்தமும் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். மீதியில் 3 கிலோ போல கொழுப்பு இருக்கும்தான், அது பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு எடுத்து வைப்பது. அதற்காக இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்புவதும் தப்பு, கடைசி மூன்று மாதத்தில்கூட கூடுதலாகத் தேவை ஒரு நாளைக்கு 450 கலோரிதான். இனி வாரத்துக்கு 400 கிராம் போல ஏறினால் நல்லது. வாரம் ஒருமுறை, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, ஒரே மெஷினில் பாருங்கள், தினமும் ஏறி நின்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எட்டாம் மாதம். ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறிவிட்டது. மோதிரம் கழற்ற வரவில்லை, காலையில் கண் இமை வீங்கியிருக்கிறது. கர்ப்பத்தில் வீக்கம் சகஜம், உப்பைக் குறை என்கிறார் மாமியார்.

பதில்: இந்த வாசகிக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டோம், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே. சாயங்காலம் கால் வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது சகஜம்தான், மாமியார் சொல்வது அதற்குப் பொருந்தும். ஒரு வாரத்தில் 2 கிலோ என்பது சாப்பாட்டால் வருவதில்லை, உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். கூடவே முகமும் கையும் வீங்கினால் பிரீஎக்லாம்ப்சியா என்ற ரத்த அழுத்தப் பிரச்சினையாக இருக்கலாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு யாருக்கும் வரலாம், தொடக்கத்தில் வலியோ தொந்தரவோ தெரியாமலே இருக்கும், உப்பைக் குறைப்பதால் சரியாகவும் ஆகாது. ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், பத்து நிமிட வேலை. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி என்று எது சேர்ந்தாலும் நடு இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.