வாசகர் கேள்வி–பதில்: மோட்டார்ஹோமில் எடை எந்த அச்சில் விழுகிறது?

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) அனுமதி எடை 3,500 கிலோ. எடை மேடையில் 3,420 கிலோதான் காட்டியது. ஆனாலும் பின் டயர்களின் இரண்டு ஓரங்களும் வேகமாகத் தேய்கின்றன. வேகமெடுத்தால் ஸ்டியரிங் லேசாகி, வண்டி மிதப்பதுபோல் இருக்கிறது. எடை அளவுக்குள் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் பார்த்தது மூன்று வரம்புகளில் ஒன்றை மட்டும். சேசிஸ் (அடிச்சட்டம்) தகட்டில் மொத்த எடை வரம்போடு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு பொறித்திருக்கும். முன் அச்சுக்கு 1,850, பின் அச்சுக்கு 2,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 3,850. மொத்த வரம்பைவிட இது அதிகமாக இருப்பதே, எடை ஓரளவு முன்னும் பின்னும் மாறி விழ இடம் கொடுக்கத்தான். உங்கள் 3,420 கிலோவில் முன்னால் 1,340, பின்னால் 2,080 விழுந்தால் மொத்தக் கணக்கில் 80 கிலோ மிச்சம். பின் அச்சிலோ 80 கிலோ மீறல். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்குத்தான் பொருந்துகின்றன. பின்னால் சுமை கூடி டயர் அமுங்கினால் ஓரங்கள் தேயும். முன்னால் சுமை குறைந்தால் ஸ்டியரிங் பிடிப்பு போகும்.

மறுபடி எடை போடுங்கள், இம்முறை அச்சு அச்சாக. பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே வண்டி இருக்க வேண்டும்: டீசல் நிறைய, வழக்கமாக எடுத்துப்போகும் அளவு தண்ணீர், கேஸ் சிலிண்டர், படுக்கை, பாத்திரம், ஆட்கள் அவரவர் இருக்கையில். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். பிறகு முழு வண்டி. கடைசியாக முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டி இறங்க, பின் சக்கரங்கள் மட்டும். தரை மட்டமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மெதுவாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் தளர்த்திவிட்டு அளவைப் பாருங்கள். பிரேக் இறுகியிருந்தால் ஸ்பிரிங் இயல்பாக அமராமல் அளவு பிசகலாம். மேடைக்கு வெளியே உள்ள தரை மேடையின் மட்டத்திலேயே இருப்பது முக்கியம். சரிவாக இருந்தால் அச்சு அளவை நம்ப முடியாது. முன்னையும் பின்னையும் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய வர வேண்டும். லாரிகளுக்கான மேடைகள் பல 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால் அந்த அளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: பின்பக்கம் தாங்கி பொருத்தி ஸ்கூட்டர் ஏற்ற நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்து 150 கிலோ. பின் அச்சில் 160 கிலோ இடம் இருக்கிறது. போதும்தானே? வண்டி முன்சக்கர இயக்கம், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம்) 4 மீட்டர்.

பதில்: போதாது. பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை தன் அளவைவிட அதிகமாக அந்த அச்சை அழுத்தும். ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவதுபோல, பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு முன் அச்சை அது தூக்கவும் செய்யும்.

கணக்கு எளிது. முன் அச்சிலிருந்து பொருளின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை எடையால் பெருக்கி, வீல்பேஸால் வகுத்தால், பின் அச்சில் கூடும் சுமை கிடைக்கும். ஸ்கூட்டர் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் நிற்கிறது என்றால் முன் அச்சிலிருந்து 6 மீட்டர். 150 × 6 ÷ 4 = 225 கிலோ. உங்களிடம் இருக்கும் இடத்தைவிட 65 கிலோ அதிகம். அதே சமயம் முன் அச்சில் 75 கிலோ குறையும். முன்சக்கர இயக்க வண்டிக்கு இது பெரிய இழப்பு: ஈரப் புல்லிலும் ஏற்றத்திலும் சக்கரம் சுழலும், முன் பிரேக்கின் பிடிப்பு குறையும், முகப்பு விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

உள்ளிருக்கும் பொருளை முன்னால் நகர்த்தி ஈடுகட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஓரளவுக்கு. 60 கிலோ கருவிப் பெட்டியை 3.2 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் பின் அச்சில் 48 கிலோ குறைந்து முன்னால் 48 கூடும். அது மட்டும் இந்த 65 கிலோவுக்குப் போதாது. வரம்பை ஒட்டி ஓட்டுவதும் நல்லதல்ல. சின்ன டிரெய்லரில் ஸ்கூட்டரை ஏற்றுவதே எங்கள் பரிந்துரை. டிரெய்லரின் மூக்கு 60 கிலோ அழுத்தி, கொக்கி பின் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால் இருந்தால் பின் அச்சில் கூடுவது 87 கிலோ மட்டுமே. இழுக்கும் எடைக்கும் கொக்கியின் மேல் விழும் எடைக்கும் உள்ள வரம்புகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பின்னால் ஏர் ஸ்பிரிங் (காற்று நிரப்பிய ஸ்பிரிங்) பொருத்தினால் அச்சு வரம்பு கூடுமா?

பதில்: தானாகக் கூடாது. வண்டியின் பின்புறம் நிமிரும், ஆட்டம் குறையும். அச்சின் மீது விழும் எடை அப்படியேதான் இருக்கும். பேரிங், டயர், ரிம், பிரேக் எல்லாமே பழைய வரம்புக்கு உரியவை. பின்புறம் தொங்குவது கண்ணில் படாமல் போவதால் மீறல் மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. தகட்டில் உள்ள வரம்பு முறைப்படி மாற்றப்படாதவரை அதற்குள்ளேயே ஏற்றுங்கள்.

கேள்வி: பின் அச்சில் இடது சக்கரம் 1,010 கிலோ, வலது 890. அச்சு வரம்பு 2,000. டயருக்கு எவ்வளவு காற்று?

பதில்: கனமான பக்கத்தை வைத்து இரண்டுக்கும் ஒரே அளவு காற்று. அதாவது, டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் 1,010 கிலோவுக்கு என்ன அழுத்தம் என்று பார்த்து, அதற்குக் குறையாமல். சராசரி 950-க்கு அடித்தால் இடது டயர் காற்றுக் குறைவாகவே ஓடும். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பது இப்படித்தான். வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறியபின் அளந்து அடியுங்கள்; ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றைக் குறைக்காதீர்கள்.

120 கிலோ வித்தியாசத்தையும் சரிசெய்யலாம். பின் அச்சுக்கு மேலேயே இருக்கும் 50 கிலோவை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றினால் ஒரு பக்கம் குறைவதும் மறுபக்கம் கூடுவதுமாக வித்தியாசம் ஏறக்குறைய 100 கிலோ சுருங்கும். பேட்டரியும் டப்பா உணவும் இதற்கு ஏற்றவை.

கேள்வி: 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால். நிரப்பிக்கொண்டு போகலாமா?

பதில்: உங்கள் வீல்பேஸும் 4 மீட்டர் என்றால், நிறைந்த தொட்டி பின் அச்சில் 112 கிலோவுக்குச் சற்று மேல் சேர்க்கும், முன்னால் 12 கிலோவுக்கு மேல் குறைக்கும். வழியில் தேவைப்படும் 20–30 லிட்டரோடு கிளம்பி, தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டியையும் மறக்கக் கூடாது. புழங்கிய தண்ணீர் வண்டியை விட்டுப் போவதில்லை. வேறொரு தொட்டிக்கு இடம் மாறுகிறது. மொத்த எடை மாறாமலே அச்சுகளின் சுமை மாறிவிடும். கழிவுநீர்த் தொட்டி இன்னும் பின்னால் இருந்தால், அது நிறைந்த நிலையிலும் ஒருமுறை பின் அச்சை எடை போடுங்கள். புறப்படும் முன் அதைக் காலி செய்துவிடுங்கள்.