பத்திரிகை வந்தது, வாட்ஸ்அப் போனது

கேள்வி: மூன்று நாளைக்கு முன் என் நாத்தனார் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டதும் 'இன்ஸ்டால்' என்று ஏதோ கேட்டது. யாருக்குக் கல்யாணம் என்று பார்க்கிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திவிட்டேன். பத்திரிகை திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் என் வாட்ஸ்அப் தானாக லாக்அவுட் ஆகிக் கிடந்தது. இப்போது என் பெயரில் குடும்பக் குரூப்புக்கெல்லாம் அதே பத்திரிகை போகிறதாம். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று சொல்லுங்கள். (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஆன்டிவைரஸ் அப்புறம். முதலில் அந்தப் போனை அணைத்து, சிம்மைக் கழற்றி, வீட்டில் இருக்கும் வேறொரு போனில் போடுங்கள். ஸ்மார்ட்போனாக இருந்தால் நல்லது. பட்டன் போன் என்றாலும் பரவாயில்லை.

உங்களுக்கு வந்தது பத்திரிகையே அல்ல, ஒரு செயலி. நிஜப் பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக வரும். இதில் ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருந்திருக்கும். ஆண்ட்ராய்டு போனில் செயலி நிறுவுகிற ஃபைலுக்குத்தான் அந்த வால் உண்டு. போக்குவரத்து அபராத செலான், வங்கி கேஒய்சி, பிஎம் கிசான் என்று பல வேஷத்தில் இதே சரக்கு சுற்றுகிறது. படத்தைத் திறக்க எந்தப் போனும் 'இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்காது. அந்த இடத்தில் கை நின்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நீங்கள் சரி என்று அழுத்தியவற்றில் ஒன்று, உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் அனுமதி. அதற்குப் பிறகு உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் திருடனுக்கும் போகும். அவன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போடுகிறான். 6 இலக்க எண் உங்கள் போனுக்கு வருகிறது, நீங்கள் பார்க்கும் முன்பே அவன் கைக்குப் போய்விடுகிறது. ஒரு நம்பருக்கு ஒரு போன்தான் பிரதானம் என்பதால் அவன் நுழைந்ததும் நீங்கள் வெளியே. உங்கள் வாட்ஸ்அப் தானாக லாக்அவுட் ஆனதாகச் சொன்னீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சிம்மைக் கழற்றச் சொன்னதும் இதனால்தான். அந்தச் செயலி இருக்கும் போனிலேயே வாட்ஸ்அப்பை மீட்டால், புது ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். "காலையில் மீட்டேன் சார், மத்தியானம் மறுபடி போச்சு" என்று வருகிறவர்கள் எல்லாரும் இந்த வரிசையில் தவறியவர்கள்.

சிம் மாறியதும் ##002# என்று டயல் செய்யுங்கள். உங்கள் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் அது ரத்தாகும். ஓடிபியைக் குரல் அழைப்பிலும் வாங்க முடியும் என்பதால் இந்த வழியையும் அடைக்க வேண்டும். அடுத்து வங்கிக்குப் பேசி நெட்பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

பிறகு அந்தச் செயலி இல்லாத வேறொரு ஸ்மார்ட்போனில் வாட்ஸ்அப்பை நிறுவி உங்கள் நம்பரைப் பதியுங்கள். 6 இலக்க எண்ணைப் போட்ட நொடியே திருடன் வெளியேறிவிடுவான். அதன்பின் நீங்கள் வைக்காத ஒரு பின் நம்பரைக் கேட்டால் பயப்படாதீர்கள். அவன் வைத்துவிட்டுப் போனது அது. 7 நாள் காத்திருந்தால் அது இல்லாமலே நுழையலாம். அதுவரை உங்களுக்கும் வாட்ஸ்அப் இல்லை, அவனுக்கும் இல்லை.

பாழான போனை என்ன செய்வது? செயலிப் பட்டியலில் தேடி நீக்கலாம். ஆனால் இவை ஐகானை மறைத்துக்கொள்ளும், பெயரில்லாமல்கூடக் கிடக்கும். என்னைக் கேட்டால் ஃபேக்டரி ரீசெட்தான். போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மொத்தமாக அழித்துவிடுங்கள். ஜிமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

இனி ஆன்டிவைரஸ். ஆண்ட்ராய்டில் ப்ளே ப்ரொடெக்ட் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது போதும். எந்தக் காவல்காரனை வைத்தாலும், அவன் தடுக்கும்போது 'பரவாயில்லை, விடு' என்று நாமே சொன்னால் அவன் என்ன செய்வான்? தவிர, பதற்றத்தில் கூகுளில் தேடி 'இலவச ஆன்டிவைரஸ்' என்று இன்னொரு ஏபிகேயைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

உங்கள் கணக்கைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வேறொன்று. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்கே நீங்களே ஒரு 6 இலக்க பின் வைக்கலாம். அது எஸ்எம்எஸ்ஸில் வராது, உங்கள் மனதில் மட்டும் இருக்கும். ஓடிபியைத் திருடியவனும் அந்த வாசலில் நின்றுவிடுவான். பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள். குடும்பக் குரூப்பில் வருடா வருடம் அதற்கு வாழ்த்து வருகிறது.

லாக்அவுட்டே ஆகாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி ஒருவனும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் ஆதாரை பிரின்ட் எடுக்க அந்தக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தீர்கள், அப்படியே வந்துவிட்டீர்கள். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், அடுத்து உட்காருகிறவர்? வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு கணக்கோடு 4 கருவிகள் வரை இணையலாம். தெரியாதது எது இருந்தாலும் தொட்டு வெளியேற்றுங்கள். யாராவது 8 எழுத்துக் குறியீடு ஒன்றைத் தந்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னாலும் இதே கதவைத்தான் தட்டுகிறார்கள்.

மிஸ்டு காலிலேயே வைரஸ் வருமா என்று பலர் கேட்கிறார்கள். 2019இல் அப்படி ஒரு ஓட்டை இருந்தது உண்மை. பெகாசஸ் உளவு மென்பொருள் அதன் வழியே சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது. அப்டேட் வந்து அடைத்துவிட்டார்கள். அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

மற்றபடி இந்தத் தந்திரம் பழசு. கம்ப்யூட்டரில் அரட்டையடிக்கும் எம்எஸ்என் மெசஞ்சர் காலத்தில், 2005 ஏப்ரலில், கெல்விர் என்ற வைரஸ் நண்பர் பெயரில் ஒரு லிங்க்காக வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் மெசேஜிங் சேவையையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அன்றும் வந்தது தெரிந்தவர் பெயரில்தான்.

அதனால் இதைப் படித்ததும் நாத்தனாருக்கு ஒரு போன் போடுங்கள். வாட்ஸ்அப் காலில் வேண்டாம், சாதாரண அழைப்பில். அந்தப் பத்திரிகையை அவர் அனுப்பியிருக்க மாட்டார். அவர் வாட்ஸ்அப்பும் லாக்அவுட் ஆகித்தான் கிடக்கும்; நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.