பூச்சிகளின் ஒலியும் சூழலும்: சோதித்துப் பார்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பூச்சிகளின் ஒலியைப் பதிவுசெய்து அளப்பவன் என்ற முறையில், இது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். தமிழில் "சில்வண்டு" என்ற பெயர், மரத்தில் பகலில் இரையும் பூச்சியையும் தரையில் இரவில் ஒலிக்கும் பூச்சியையும் ஒருசேரக் குறிக்கிறது. இரண்டும் ஒலியெழுப்பும் விதம் முற்றிலும் வேறு என்பதால், இங்கே முதலாவதைச் சில்வண்டு என்றும் இரண்டாவதைச் சுவர்க்கோழி என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

கேள்வி: சுவர்க்கோழியின் ஒலியை எண்ணி வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, அது உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. சுவர்க்கோழியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. வெப்பம் கூடும்போது நரம்புகளும் தசைகளும் விரைவாக இயங்குவதால், இறகுகள் உரசும் வேகமும் கூடுகிறது. 1881இல் மார்கரெட் புரூக்ஸ் என்பவர் இந்தத் தொடர்பைப் பற்றி எழுதினார். 1897இல் அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் அதை ஒரு வாய்பாடாக்கினார். நிமிடத்துக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி, அதில் 40ஐக் கழித்து, 4ஆல் வகுத்து, 50ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் அளவு கிடைக்கும். நிமிடத்துக்கு 120 என்றால் 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ். செல்சியஸுக்குச் சுருக்குவழியும் உண்டு: 8 விநாடிகளில் கேட்பவற்றை எண்ணி 5ஐக் கூட்டினால் போதும்.

ஆனால் டால்பேர் தாம் கேட்டது எந்த இனம் என்று குறிப்பிடவே இல்லை. வட அமெரிக்காவின் ஒரு வெளிர்நிற மரச் சுவர்க்கோழியாக இருக்கலாம் என்று பின்னர் வந்தவர்கள் கருதினார்கள். உங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒலிக்கும் இனத்துக்கு வாய்பாட்டின் எண்கள் வேறாக இருக்கும். ஆகவே அவருடைய எண்களைக் கடன் வாங்காமல், உங்கள் பூச்சிக்கு உரிய எண்களை நீங்களே அளந்து கண்டுபிடிப்பதுதான் சரியான சோதனை.

கேள்வி: வெப்பம் கூடினால் ஒலி மெலிந்து கூர்மையாவதாக எனக்குத் தோன்றுகிறது. அது என் பிரமையா?

எந்தப் பூச்சியைக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தாளம், சுருதி என்ற இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஆண் சுவர்க்கோழி ஒரு முன்னிறகில் உள்ள அரம் போன்ற பல்வரிசையை மற்ற இறகின் விளிம்பால் தேய்க்கிறது. ஒரு முறை இறகை மூடும்போது ஒரு துடிப்பு எழுகிறது. சில துடிப்புகள் சேர்ந்து நம் காதில் ஒரு "கிரீ" ஆகின்றன. தரையில் வாழும் வயல் சுவர்க்கோழிகளில், இறகில் உள்ள மெல்லிய சவ்வுப் பகுதி தனக்கே உரிய அதிர்வெண்ணில், பெரும்பாலும் 4 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் அளவில், அதிர்வதால், வெப்பம் கூடும்போது தாளம் விரையுமே தவிர சுருதி அதிகம் அசையாது. மரச் சுவர்க்கோழிகளிலோ சுருதியும் சேர்ந்தே உயர்கிறது. "ஒலி மாறியது" என்று குறிப்பேட்டில் எழுதினால் போதாது. மாறியது தாளமா, சுருதியா, உரப்பா என்று எழுத வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ஒரு சுவர்க்கோழியை ஒரு வாரம் தினமும் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை பதிவுசெய்தேன். இரவு குளிரக் குளிர ஒலி மெதுவாகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. எழுநூறு அளவீடுகள் உள்ளன. இதை முடிவாக எழுதலாமா?

உழைப்பைப் பாராட்டுகிறேன், முடிவை மட்டும் இப்போதைக்கு ஏற்க இயலாது. உங்கள் பதிவுகளில் வெப்பம் குறையும்போதெல்லாம் இரவும் ஏறிக்கொண்டே போகிறது. சுவர்க்கோழிக்கு உள்ளேயே ஒரு நாள்கடிகாரம் உண்டு. வெப்பம் ஒரே நிலையில் இருந்தாலும், இரவின் சில மணிகளில் அது அதிகமாகவும் வேறு சில மணிகளில் குறைவாகவும் ஒலிக்கக்கூடும். ஆகவே நீங்கள் கண்டது குளிரின் விளைவா, நேரத்தின் விளைவா, அல்லது பூச்சி களைத்துவிட்டதா என்று உங்கள் எண்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தது, எழுநூறு அளவீடுகள் இருந்தாலும் பூச்சி ஒன்றுதான். ஒரே ஆளிடம் எழுநூறு முறை கருத்துக் கேட்டுவிட்டு ஊரின் கருத்து இது என்று சொல்வதைப் போன்றது அது.

இப்படி மாற்றிச் செய்யலாம். குறைந்தது எட்டு அல்லது பத்து வளர்ந்த ஆண் பூச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 18, 22, 26, 30 டிகிரி செல்சியஸ் என்ற நான்கு நிலைகளில் வெவ்வேறு இரவுகளில், ஆனால் கடிகாரத்தில் ஒரே நேரத்தில், பதிவுசெய்யுங்கள். எந்தப் பூச்சிக்கு எந்த வெப்பம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். எல்லாப் பூச்சிகளுக்கும் குளிரிலிருந்து சூட்டுக்கு என்று ஒரே வரிசையில் போனால், வரிசையின் விளைவு வெப்பத்தின் விளைவாக வேடமிட்டு வரும். புதிய வெப்பத்துக்கு மாற்றிய பின் ஒரு மணி நேரமாவது பூச்சியைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். 10 முதல் 13 டிகிரி வரை இறக்கினால் பல வயல் இனங்கள் வாயடைத்துவிடும் என்பதால், அதற்கும் கீழே சென்று வெற்றுப் பதிவுகளைச் சேர்ப்பதில் பயனில்லை.

வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். அது பூச்சி அமர்ந்திருக்கும் இடத்தில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். பானை ஓட்டின் அடியில் ஒளிந்திருக்கும் பூச்சிக்கும் அறையின் காற்றுக்கும் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு எளிதாக வந்துவிடும். வரைபடம் வளைந்து போக அது போதும். பல மாணவர்களின் "விதிவிலக்கான" பூச்சிகள் உண்மையில் தவறான இடத்தில் வைத்த வெப்பமானிகளே.

கேள்வி: சூடாக்குவதற்குக் குண்டு பல்பு போதுமா?

வேண்டாம். பல்பு வெப்பத்தோடு வெளிச்சத்தையும் தருகிறது. இரவில் ஒலிக்கும் பூச்சிக்கு வெளிச்சமே ஒரு கட்டளை. பெட்டிக்கு வெளியே வைத்த சூட்டுத் துணி அல்லது வெந்நீர்ப் பை மேலானது. விசிறி உள்ள பெட்டியானால் பதிவின்போது விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கைபேசியில் பதிவுசெய்தால் ஏற்பார்களா?

தாளத்தை எண்ணுவதற்குப் போதும். உரப்பை அளப்பதற்குப் போதாது. கைபேசி, மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்தி உரத்த ஒலியைத் தானாகத் தாழ்த்துகிறது. போதாக்குறைக்கு, மனிதக் குரல் அல்லாத தொடர் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அழித்தும் விடுகிறது. உங்கள் சோதனையின் நாயகனையே அது மேடையிலிருந்து இறக்கிவிடுகிறது என்று சொல்லலாம். இந்த வசதிகளை அணைக்க உதவும் செயலியில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் தங்கும். சுவர்க்கோழிக்கு அது தாராளம். மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் ஒலிக்கும் நீள்கொம்பு வெட்டுக்கிளிகளுக்குப் போதாது. ஒலிவாங்கிக்கும் பூச்சிக்கும் இடையிலான தூரத்தை ஒருமுறை முடிவுசெய்தபின் மாற்றாதீர்கள். ஒலிநிறமாலையை, அதாவது எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஒலித்தது என்று காட்டும் படத்தை, பார்க்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமானது.

கேள்வி: ஈரப்பதத்தின் விளைவை மட்டும் தனியாகச் சோதிக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மூடிய பெட்டியைச் சூடாக்கினால் அதில் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு உள்ளது என்ற அளவு, தானாகவே குறைகிறது. வெப்பத்தைச் சோதிப்பதாக எண்ணி வறட்சியையும் சேர்த்துச் சோதித்துவிடுகிறோம். இதற்கு ஒரு பழைய, மலிவான வழி உண்டு. உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கலந்த நிறைவுற்ற கரைசலை மூடிய பெட்டிக்குள் வைத்தால், அதன் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் ஒரு நிலையில் நிற்கும். சாதாரணச் சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காட்டையும், மெக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33 விழுக்காட்டையும் தரும். கரைசலுக்கு மேல் வலை விரித்து, பூச்சி அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் காற்றில் ஒலி தேய்ந்து போகும் அளவையும் மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் சுவர்க்கோழியின் சுருதியில், ஒரு மீட்டர் தூரத்தில், அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

கேள்வி: போக்குவரத்து இரைச்சல் பூச்சியின் ஒலியை மாற்றுமா?

மாற்றுகிறது. கோர்த்திப்பஸ் பைகட்டுலஸ் என்ற வெட்டுக்கிளியின் ஆண்களில், பரபரப்பான சாலையோரம் வாழ்ந்தவற்றின் ஒலியில், தாழ்ந்த பகுதியின் சுருதி, அமைதியான இடத்தில் வாழ்ந்தவற்றினதைவிட உயர்ந்திருந்ததை ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியிட்டது. இரு குழுக்களையும் அமைதியான ஆய்வகத்தில் பதிவுசெய்திருந்தார்கள் என்பதே அதன் சிறப்பு. சாலையோரத்திலேயே பதிவுசெய்திருந்தால், மாறியது பூச்சியா, ஒலிவாங்கியில் கலந்த வண்டிச் சத்தமா என்ற ஐயம் தீர்ந்திருக்காது.

கேள்வி: இதே முறையில் சில்வண்டுகளைச் சோதிக்கலாமா?

அப்படியே செய்யலாகாது. சில்வண்டு வயிற்றின் இருபுறமும் உள்ள விறைத்த சவ்வைத் தசையால் உள்ளே இழுத்து ஒலிக்கிறது, இறகை உரசுவதில்லை. அது வெயில் காய்ந்து சூடேறிக்கொள்ளும். சில இனங்கள் தசைகளை இயக்கித் தம் உடலைத் தாமே சூடாக்கிக்கொள்ளவும் செய்கின்றன. ஆகவே காற்றின் வெப்பத்தை அளந்தால் பூச்சியின் வெப்பத்தை அளந்ததாகாது.

கேள்வி: ஆணின் தாளம் வெப்பத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருந்தால், பெண் தன் இனத்தை எப்படி அடையாளம் காண்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெண்ணின் விருப்பமும் வெப்பத்தோடு சேர்ந்தே நகர்கிறது. பூச்சியியலாளர் தாமஸ் வாக்கர் 1957இல் மரச் சுவர்க்கோழிகளைக் கொண்டு, குறிப்பிட்ட வெப்பத்தில் உள்ள பெண், அதே வெப்பத்தில் ஆண் எழுப்பும் தாளத்தையே நாடிச் செல்கிறது என்று காட்டினார். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். 20 டிகிரியிலும் 28 டிகிரியிலும் பதிவுசெய்த ஒலிகளை இரு ஒலிபெருக்கிகளில் ஒரே உரப்பில் ஒலிக்கவிட்டு, பெண் எதை நோக்கி நடக்கிறது என்று பாருங்கள். ஒலிபெருக்கிகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வையுங்கள்; பெண்ணுக்கு வலப்பக்கம் பிடித்திருக்கவும்கூடும். பெண் நடக்கும் தளத்தின் வெப்பத்தைத் தனியே குறித்துக்கொள்ள மறந்தால், எந்த ஒலியை அது தேர்ந்தெடுத்தது என்று தெரியுமே தவிர, ஏன் என்று தெரியாது.