மறு: பின்லாந்து, இந்தோனேசியா காகித ஏற்றுமதி: டன் விலை ஏன் எகிறுகிறது?

டன் விலை காண, காகிதத்துக்கும் காகிதப் பொருள்களுக்குமான சுங்கக் குறியீடு 48இன் ஏற்றுமதி டாலர் மதிப்பை, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் டன் கணக்கால் வகுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். 48இல் அட்டைப்பெட்டி, நோட்டுப் புத்தகம் எல்லாம் அடக்கம்; அந்த அமைப்பின் காகிதம், காகித அட்டைக் கணக்கில் அவை சேராது. மதிப்பில் இருப்பது எடையில் இல்லை, அதனால்தான் விலை எகிறுகிறது. மதிப்பு, எடை இரண்டையும் ஒரே இடத்தில் எடுங்கள்.

வேலூரில் பெட்டி செய்து ஆம்பூருக்கு அனுப்புகிறவன் நான். வெறும் பெட்டி கப்பலேறினால் 4819, 48க்குள் பெட்டிக்கான குறியீடு. உள்ளே ஒரு ஜோடி ஷூவை வைத்து மூடிவிட்டால் 64, காலணிக் கணக்கு. என் அட்டை கடல் தாண்டுகிறது, காகித ஏற்றுமதியில் ஒரு கிராம்கூட ஏறுவதில்லை!

பின்லாந்தின் டன் கணக்கைக் காட்டும் வரைபடக் கோட்டில் 2022இல் வரும் பள்ளத்தைப் பிழையென்று அழித்துவிடாதீர்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே பெரிய ஆலைகளில் வேலைநிறுத்தம்.